சிவப்புப் பேனாவும் தென்னை மரமும்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை படித்தவள். விஞ்ஞானத்தில் எனக்குக் கிடைத்தது சாதாரண சித்தி. அதுவும் வினாத்தாள் திருத்தியவரின் நல்ல மனதால் கிடைத்தது என்று எங்கள் வீட்டில் அப்போதே ஒரு பேச்சு இருந்தது. ஆகவே சூரியனைப் பற்றியும் அதன் குணங்களைப் பற்றியும் எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, நடுங்கியபடி இருந்துவிட்டு வருகிறவள் நான். எழுதும்போது எதிரில் ஒருவரும் இல்லை என்பதால்தான் இந்தத் துணிச்சல். விஷயம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், புடவைக் கடை ஒன்றுக்கு மேலே முதலாம் மாடியில் இருக்கும் நில அளவையாளரின் கந்தோரில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கடிதம் தட்டச்சுச் செய்வது, தொலைபேசி எடுப்பது, வருகிறவர்களுக்குப் பிளேன்ரீ ஊற்றுவது எல்லாம் நான். நில அளவையாளரை சேர் என்போம். கருவியைத் தூக்கிக்கொண்டு காணிகளுக்குப் போகிறவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மனிதர். வயது அறுபதை நெருங்குகிறது. எங்களுக்கு அவர் நானா. கந்தோர் என்றால் இந்த மூன்று பேரும்தான்.

சில வருடங்களுக்கு முன் சேர் ஒரு புதுக் கருவி வாங்கினார். நீளக் கோலின் உச்சியில் வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். அது மேலே சுற்றுகிற செய்மதிகளோடு கதைத்து, நாம் நிற்கிற இடத்தை ஒரு விரல் தடிப்புக்குப் பிசகாமல் சொல்லும். காலையில் அப்படித்தான் சொல்லும். மத்தியானமானால் சில நாட்களில் அதற்கு என்னவோ ஆகிவிடும். எண்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலையும். நானா அதைத் தட்டிப் பார்ப்பார், குடை பிடித்துப் பார்ப்பார், கடற்கரை ரயிலைக் குற்றம் சொல்வார். ஒருநாள் காகம் ஒன்றையும் குற்றம் சொன்னார்.

சேர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கிழமையில்தான் வினை வந்தது. கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு, இரத்மலானையில் தகப்பனார் விட்டுப்போன காணி இருந்தது. அதைப் பிரித்து நடுவில் மதில் கட்ட வேண்டும். இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்துப் பன்னிரண்டு வருடம். பெரியவர் கடையின் முன்பக்கம், சின்னவர் பின்பக்கம் என்று ஒரே கடைக்குள்ளேயே ஆள் வைத்துத்தான் கதைப்பார்கள். எல்லைக்குக் கிட்ட ஒரு தென்னை மரம் நின்றது. நானா ஒரு மத்தியானம் போய்த் தற்காலிக அடையாளம் வைத்தார். மரம் சின்னவர் பக்கம் விழுந்தது. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாலாம் நாள் மத்தியானம் நானா மறுபடி போய் அளந்தார். மரம் பெரியவர் பக்கம் போய்விட்டது.

ஒரு கிழமைக்குள் தென்னை மரம் ஒரு முழம் நடந்திருக்கிறது என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை. விஷயம், வழக்குக்கு முன் சமரசம் பேசுகிற இணக்க சபைக்குப் போனது. அடுத்த மாத முடிவுக்குள் ஒரே ஒரு அளவை, இரண்டு பேரும் அதை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்குக்குப் போங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

காய்ச்சல் விட்டு வந்த சேர் கருவியை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த முறையும் மரம் நடந்துதெண்டால் நான் வாசல் போர்டைக் கழட்ட வேண்டியதுதான்" என்றார்.

அந்த நாட்களில்தான் விண்வெளி வானிலை அறிக்கை ஒன்று மின்னஞ்சலில் வந்துகொண்டிருந்தது. கருவி விற்றவர்கள் எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார்களாம். ஒரு பரீட்சார்த்தச் சேவை. சூரியன் பொங்குவதையும், அதனால் வானத்தின் மேல் அடுக்கு குழம்புவதையும் முன்கூட்டியே சொல்வார்கள். அந்த அடுக்குக் குழம்பினால் செய்மதியின் பேச்சு எங்கள் கருவிக்குச் சரியாகக் கேட்காது. நாங்கள் இருக்கும் இந்தப் பாகத்தில் மத்தியானத்துக்குப் பிறகு அது கூடுதலாம். பிரயோசனப்படுகிறதா என்று பதில் எழுதும்படி ஒவ்வொரு அறிக்கையின் கீழும் கேட்டிருந்தார்கள். சேர் அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீங்கள் ஒருக்கா எடுத்துக் கதையுங்கோ."

கதைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் அறிக்கையின் அடியில் இருந்த தொலைபேசி இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்தேன். இரண்டாம் நாள் சொல்ல வேண்டியதை எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் சேர் வெளியே போன பிறகு அழைத்தேன்.

"வணக்கம் சேர். உங்கட அறிக்கை வருது சேர்."

"நான் சேர் இல்லை அன்ரி, சொல்லுங்கோ." முப்பது வயதுக்கு மேல் இராத குரல். யாழ்ப்பாணப் பேச்சு. "வாசிக்கிறனீங்களோ?"

"ஓம்."

"விளங்குதோ?"

ஓம் என்று சொல்லத்தான் நினைத்தேன். எழுதி வைத்த தாளிலும் ஓம் என்றுதான் இருந்தது. "இல்லைத் தம்பி" என்று வாய் சொல்லிவிட்டது.

"எந்த இடம் விளங்கேல்லை?"

"முழுக்க."

வாய்விட்டது விட்டதுதான் என்று மிச்சத்தையும் சொன்னேன். "எங்கட நானா எத்தனை மணிக்கு வேலையை நிப்பாட்டிப்போட்டு வாறது எண்டு மட்டும் தெரிஞ்சால் காணும், தம்பி. மற்ற எண்கள் எங்களுக்குத் தேவையில்லை."

பிறகு, "ஒரு நிமிசம் அன்ரி, இதை எழுதி எடுக்கிறன்" என்றது குரல். எழுதி முடித்துவிட்டு மனம் விட்டுக் கதைத்தார். விமானக்காரர், கப்பல்காரர், அளவைக்காரர் என்று எல்லாருக்கும் அனுப்புகிறார்களாம். "இதுவரைக்கும் பதில் ரெண்டுதான். ஒண்டு, நான் லீவில நிக்கிறன் எண்டு தானா வாற பதில். மற்றது நீங்கள்."

அடுத்த நாளிலிருந்து அறிக்கையின் மேலே எனக்காகத் தமிழில் ஒரு வரி வந்தது. "இன்று ஒன்றிலிருந்து நான்கு வரை கவனம்." அல்லது, "இன்று பயமில்லை." நல்ல நாளுக்குப் பச்சை, நடுத்தரத்துக்கு மஞ்சள், கூடாத நாளுக்குச் சிவப்பு. வரவிருக்கும் ஐந்து நாட்களுக்கும் சேர்த்து அனுப்பினார். பதிலுக்கு அவர் கேட்டது, களத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதை. நேரம் வேண்டும். குழப்பம் எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணும் வேண்டும்.

நானா பின்னேரம் வந்ததும் நான் பேனாவோடு நின்றேன்.

"எத்தனை மணிக்கு நானா குழம்பினது?"

"சோத்துப் பார்சல் அவுக்கக்குள்ள."

"எவ்வளவு?"

"சரியான மோசம்."

"ஒண்டிலயிருந்து அஞ்சுக்குள்ள எத்தனை எண்டு சொல்லுங்கோ."

"என்ன தங்கச்சி, நான் என்ன சோதனைக்கா போறன்? மூணு தரம் ஏசினன். அத எழுதுங்க."

வேறு வழி தெரியாமல் அதையே எழுதினேன். "ஊழியர் கருவியை ஏசிய தடவைகள்: 3." இப்படியே ஒவ்வொரு நாளும் போனது. மூன்றாம் கிழமை அந்தத் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு அழைத்தார். அவர்களுடைய பெரிய கருவி காட்டும் கோட்டுக்குக் கீழே நானாவின் ஏச்சையும் ஒரு கோடாக வரைந்து பார்த்தாராம். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றனவாம். மேலதிகாரிக்கும் காட்டியாயிற்றாம்.

இதை நானாவிடம் சொன்னது என் பிழை. அவர் வெட்கப்பட்டு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. இரண்டு நாளும் பூச்சியம் என்று அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. "அன்ரி, வானம் குழம்பித்தான் இருந்தது. நானாவுக்கு ஏதும் சுகமில்லையோ?" சேர் தலையிட்டு, உங்கட வழமைப்படி ஏசுங்கோ என்று அனுமதி கொடுத்த பிறகுதான் ஒழுங்கு திரும்பியது.

இது எல்லாம் நன்றாக நடந்தது. கெடுத்தது என் கலண்டர்.

கந்தோர்ச் சுவரில், புடவைக் கடை கொடுத்த மாதக் கலண்டர் தொங்குகிறது. ராகு காலம், எமகண்டம் எல்லாம் கீழே அச்சாகி இருக்கும். நானா காலையில் வந்ததும் கண்ணில் படட்டும் என்று, வானத்தின் நிலையை அந்தக் கலண்டரிலேயே திகதிப் பெட்டிக்குள் எழுதத் தொடங்கினேன். சிவப்பு நாளுக்குச் சிவப்புப் பேனா. "1 - 4 கூடாது." பெட்டிக்குள் அதற்கு மேல் எழுத இடமில்லை.

காணி விஷயமாக வருகிறவர்கள் காத்திருக்கும்போது வேறெதைப் பார்ப்பார்கள்? கலண்டரைத்தான் பார்த்தார்கள். ஒருவர் காணி உறுதிப் பத்திரம் எழுதும் நாளை மாற்றினார். கீழ்க் கடைக்காரர் புதுக் கிளை திறக்கும் நேரத்தை என்னிடம் வந்து சரிபார்த்தார். மேல்வீட்டு அம்மா பேத்திக்குக் காது குத்த நாள் கேட்டார். "அது மெஷினுக்கு மட்டும்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். என் சத்தம் மேசை விளிம்பைத் தாண்டுவது குறைவு.

"ஆர் கணிச்சது?" என்று மேல்வீட்டு அம்மா கேட்டார்.

"ஒரு தம்பி."

"இளம் ஆளோ? இளம் ஆக்கள்தான் இப்ப நல்லாச் சொல்லுகினம்."

அண்ணன் தம்பி காணியில் எல்லை வைக்கப் பெரியவர் தன்னுடைய சாத்திரியாரிடம் சுபநேரம் கேட்டு வந்தார். புதன்கிழமை பின்னேரம் இரண்டு பதினொன்று. மாத முடிவுக்குள் அதற்குப் பிறகு நேரமே இல்லையாம். முன்னறிவிப்புத் தம்பியின் கணக்கில் அந்தப் புதன் நல்ல சிவப்பு. சேர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காலை ஒன்பதரைக்கு, வானம் தெளிவாக இருக்கும்போது, இரண்டு பேருக்கும் முன்னால் அளந்து ஆணி அடிப்பது. இரண்டு பதினொன்றுக்கு அந்த ஆணிகளின் மேல் எல்லைக்கட்டைகளை இறக்குவது. சாத்திரியாருக்கும் சூரியனுக்கும் சண்டை இல்லை. இரண்டு பேரும் சம்மதித்தார்கள்.

திங்கட்கிழமை சின்னவர் கையெழுத்து வைக்கக் கந்தோருக்கு வந்தார். நான் பிளேன்ரீ ஊற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் கலண்டருக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தார். பிளேன்ரீயைக் குடிக்காமலே போய்விட்டார். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செவ்வாய் பின்னேரம் செய்தி நானாவோடு வந்தது. "தங்கச்சி, வெளங்கிச்சா? சின்னவரு சொல்றாரு, ஒங்கட கலண்டர்ல செவப்பு இரிக்காம். அண்ணன் வேணுமெண்டே தம்பிக்குக் கூடாத நேரம் பாத்து வெச்சாராம். கட்டை எறக்க உடமாட்டாராம்."

சேர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்கள் எழுதினது. நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றார்.

புதன்கிழமை நானும் இரத்மலானைக்குப் போனேன். முன்னறிவிப்புத் தம்பியும் வந்திருந்தார். எங்களைப் போன்றவர்கள் அறிக்கையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று நேரில் பார்க்க வேண்டுமாம். மெலிந்த ஆள், நாலு நாள் தாடி, கையில் ஒரு கோப்பு. காலையில் அளவு ஒழுங்காக நடந்தது. கருவி ஒரு விரல்கூட அசையவில்லை. தென்னை மரம் ஒரு சாண் வித்தியாசத்தில் பெரியவர் பக்கம் நின்றது. ஆனால் அது சின்னவர் பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரம். தேங்காய் விழப்போவது சின்னவர் காணியில். இதில் யாருக்கு வெற்றி என்று இரண்டு பேருக்கும் பிடிபடாததால் ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

நேரத்தில்தான் சிக்கல். ஒன்றே முக்காலுக்குச் சின்னவர் ஆணிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நானா, அவரிட்ட சொல்லுங்க, இந்த நேரத்துக்குக் கட்டை எறங்காது எண்டு."

பெரியவர் ஏழடி தள்ளி நின்றார். "நானா, அவரிட்ட சொல்லுங்க, வெள்ளவத்தைக் கலண்டரப் பாத்து நான் நேரம் வெக்கிறதில்ல எண்டு."

"ரெண்டு பேருக்கும் கேட்டுச்சு தானே" என்றார் நானா. "நான் எதுக்கு நடுவுல?"

சின்னவரின் மனைவி இதற்குள் அந்தத் தம்பியை அடையாளம் கண்டுவிட்டார். கலண்டரைக் கணித்தவர் இவர்தான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். உபசாரம் என்று நினைத்து அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தக் கணமே அவர் சாத்திரியாராகிவிட்டார்.

"ஐயா, உங்கட வாயால சொல்லுங்க" என்றார் சின்னவர். "ரெண்டு பதினொண்டு நல்லமா, கூடாதா?"

தம்பி கோப்பைத் திறந்தார். தட்டு இடைஞ்சலாக இருந்ததால் முழங்கையில் ஏந்திக்கொண்டார். "குழப்பம் வரக்கூடிய சாத்தியம் பத்துக்கு ஏழு" என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம்.

"ஏழு கூடாது. கேட்டீங்களா நானா?" என்றார் சின்னவர்.

"மிச்சம் மூண்டு ஆருக்கு?" என்று பெரியவர் கேட்டார். "எனக்கா, அவருக்கா?"

"அப்பிடிப் பிரிக்கேலாது ஐயா. அது நிச்சயமில்லாத தன்மை."

"நிச்சயமில்லாட்டி எதுக்குச் செவப்புல எழுதினீங்க?"

தம்பி என்னைப் பார்த்தார். சேரும் பார்த்தார். நானா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. இந்த நேரம் போனால் மாதம் போய்விடும், மாதம் போனால் வழக்கு. சேரின் பெயர்ப் பலகையை நான் நினைத்தேன். கிழமைக்கு ஒருமுறை அதைத் துடைப்பது நான்தான்.

"அதை எழுதினது நான்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மேலே ஒரு சிறு விமானம் பக்கத்து விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை நின்று, மறுபடியும் சொன்னேன். இந்த முறை பக்கத்துக் காணி நாய் குரைத்தது. அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"அதை எழுதினது நான். உங்களுக்கு எழுதினதில்லை. இந்த மெஷினுக்கு எழுதினது. சூரியன்ர வேலையால மத்தியானத்தில இதுக்குத் தலை சுத்தும். அதாலதான் முந்தி உங்கட தென்னை மரம் ரெண்டு பக்கமும் நிண்டது. மரம் நடக்கேல்லை. மெஷின்தான் தடுமாறினது. அதுக்காகத்தான் இண்டைக்குக் காலமை அளந்தது. நீங்கள் ரெண்டு பேரும் கண்ணால பாத்தனீங்கள்."

"அப்ப எனக்குக் கூடாத நேரம் இல்லையா?" என்றார் சின்னவர்.

"உங்களுக்கு என்ன நேரமெண்டு எனக்குத் தெரியாது, அண்ணை. நான் சாதாரண தரம் மட்டும்தான் படிச்சனான்."

"ஏன் முந்தியே சொல்லல்ல?"

"சொன்னனான். மெதுவாச் சொன்னனான்."

நானா சிரித்துவிட்டார். பிறகு சின்னவரின் மனைவி. சின்னவர் சிரிக்கவில்லை, ஆனால் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். கருவியை அந்த ஆணியின் மேல் வைத்துக் காட்டச் சொன்னார். தலை சுற்றுவதைத் தான் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் நம்புகிறேன் என்றார்.

நானா கோலை நிறுத்தினார். எல்லாரும் சிறு திரையைச் சுற்றி நின்றோம். இரண்டு ஐந்து. அசைவில்லை. இரண்டு எட்டு. அசைவில்லை. இரண்டு பதினொன்றுக்கு அந்தக் கருவி, வாங்கின நாளிலிருந்து எந்த மத்தியானமும் நிற்காத அளவுக்கு அசையாமல் நின்றது. காலையில் எடுத்த எண்களையே கடைசி இலக்கம்வரை ஒப்புவித்தது. முன்னறிவிப்புத் தம்பியின் முகம் வாடிப்போனது.

சின்னவர் திரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பி, "அண்ணே, ஒங்கட சாத்திரியார் பரவாயில்லை" என்றார்.

பெரியவர் பழக்கத்தில், "நானா, அவரிட்ட..." என்று தொடங்கி நிறுத்தினார். "கட்டையப் புடி" என்றார்.

இரண்டு பதின்மூன்றுக்குக் கட்டை இறங்கியது. சாத்திரியார் இரண்டு நிமிடத்தை மன்னிப்பார் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டே முக்காலுக்குக் கருவிக்குத் தலை சுற்றத் தொடங்கியது. அப்போது அதைப் பார்க்க நானும் தம்பியும் நானாவும்தான் இருந்தோம். மற்றவர்கள் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்கோ அன்ரி, வந்தது" என்றார் தம்பி. "பிந்தித்தான் வந்தது. நேரத்தைத்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். பிழையெண்டே எழுதி அனுப்புங்கோ. சரியான நாளுகளை விட இதுதான் எங்களுக்குத் தேவை."

வாழைப்பழம் போய் வெற்றிலை மட்டும் மிஞ்சிய தட்டு இன்னும் அவர் கையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, மஞ்சள். காலையில் மேசன் வந்து மதிலுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கியதாகப் பெரியவர் தொலைபேசியில் சொன்னார். கலண்டரின் அடியில் ஒரு தாள் ஒட்டி, இது கருவிக்கு மட்டும் என்று எழுதினேன். பிறகு புதன்கிழமைக்குரிய படிவத்தை நிரப்பினேன். முன்னறிவிப்பு: ஒன்றிலிருந்து குழப்பம். நடந்தது: இரண்டே முக்காலுக்குத்தான். ஊழியர் கருவியை ஏசிய தடவைகள்: 1.